டேப் அடிக்கக் கற்றுக்கொள்வோருக்கு: துளை அளவு, டேப் வகை, சிப்ஸ் போகும் வழி

துளைக்குள் மரை வெட்டும் கருவிதான் டேப். அது உடைந்த வேலையை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்று தெரியும். துளை சிறியதாக இருந்திருக்கும், அல்லது வெட்டுப்பட்ட சிப்ஸ் (உலோகச் சீவல்) வெளியேற வழியில்லாமல் அடைத்திருக்கும். இரண்டுமே டேப்பைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிற விஷயங்கள். அதனால்தான் இந்தக் கட்டுரையில் டேப்பைத் திருகும் பகுதியைவிட, எந்த டிரில் போடுவது, எந்த டேப்பைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

டேப்பைப் பார்த்துப் படிப்பது

ஒரு எம்10 டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்முனையில் சதுரம் இருக்கும். டேப் ஹேண்டில் பிடிப்பது அங்கேதான். அதற்குக் கீழே உருண்டையான ஷேங்க், அதற்கும் கீழே பற்கள். பற்களை நெடுக்கில் பிளந்துகொண்டு போகும் பள்ளங்கள்தான் புளூட். சிறிய டேப்பில் மூன்று, பெரியதில் நான்கு இருப்பது வழக்கம். எண்ணெய் உள்ளே இறங்குவதும் சிப்ஸ் வெளியே வருவதும் இந்தப் பள்ளங்கள் வழியாகத்தான்.

நுனிப் பக்கம் சில பற்கள் சரிவாகத் தேய்க்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். அதுதான் சேம்பர். உலோகத்தை வெட்டுவது முழுக்க இந்தச் சரிவில் இருக்கிற பற்களே. பின்னால் வரும் முழுப் பற்கள், வெட்டிய மரையில் உட்கார்ந்து டேப்பை நேராக வழிநடத்துகின்றன, அவ்வளவுதான். டேப் மழுங்கிவிட்டதா என்று பார்க்க லென்ஸை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பது இதிலிருந்தே தெரியும்: சேம்பர் பற்களின் ஓரம் வெள்ளையாகப் பளபளத்தால் கூர்மை போய்விட்டது.

ஷேங்கில் “எம்10 × 1.5, ஹெச்.எஸ்.எஸ்., 6ஹெச்” என்கிற மாதிரி பொறித்திருக்கும். 10 என்பது மரையின் வெளிவிட்டம். 1.5 என்பது பிட்ச், அதாவது ஒரு பல்லின் உச்சியிலிருந்து அடுத்த பல்லின் உச்சிவரை எத்தனை மில்லி மீட்டர் என்பது. ஒரு முழுச் சுற்றுக்கு டேப் 1.5 மி.மீ. உள்ளே போகும். ஹெச்.எஸ்.எஸ். என்பது ஹைஸ்பீட் ஸ்டீல்; அதோடு ‘இ’ சேர்ந்திருந்தால் கோபால்ட் கலந்தது, ஸ்டெயின்லெஸ் போன்ற கடினமான உலோகத்துக்கு நல்லது. 6ஹெச் என்பது மரையின் டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பது. சாதாரண போல்ட் வேலை எல்லாவற்றுக்கும் 6ஹெச் போதும். சில டேப்பில் இதையே ஐ.எஸ்.ஓ. 2 என்று போட்டிருப்பார்கள். மரை வெட்டிய பிறகு பிளேட்டிங் (முலாம்) செய்யப்போகிற பாகம் என்றால், சற்றே பெரிதாக வெட்டும் 6ஜி கேட்டு வாங்க வேண்டும்.

விட்டத்தை மட்டும் பார்த்து டேப் வாங்கக் கூடாது. எம்10 என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் 1.5 பிட்ச் கொடுப்பார், ஆனால் 1.25, 1.0 பிட்ச்களும் உண்டு. சில பைக்குகளின் ஸ்பார்க் பிளக் மரை எம்10 × 1.0. அதில் 1.5 டேப்பை விட்டால் சிலிண்டர் ஹெட் போய்விடும். கையில் போல்ட் இருந்தால் பிட்ச் கேஜை (பிட்ச் அளவுக்கேற்பப் பல் வெட்டிய தகடு) வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பல்லுக்கும் கேஜுக்கும் இடையே வெளிச்சம் கசியக் கூடாது.

அங்குல அளவில் இன்னும் கவனம் வேண்டும். அரை அங்குல விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் வகை) மரையில் அங்குலத்துக்கு 12 பல், 55 டிகிரி கோணம். அரை அங்குல யு.என்.சி.யில் (அமெரிக்க வகை) 13 பல், 60 டிகிரி. கால் அங்குலத்தில் இரண்டுக்கும் 20 பல் என்பதால் போல்ட் ஏறிவிடும், ஆனால் கோணம் வேறு என்பதால் சரியாகப் பொருந்தி உட்காராது. குழாய் மரை முற்றிலும் தனி. அரை அங்குல பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய் மரை) என்றால் மரையின் வெளிவிட்டம் 20.955 மி.மீ.; அதற்குப் போட வேண்டிய டிரில் 19 மி.மீ. புதிதாக வருபவர்கள் 12.7 மி.மீ. என்று நினைத்துக்கொண்டு தேடுவது இங்கேதான்.

டிரில் அளவு

வெட்டும் டேப்புக்குக் கணக்கு எளிது: வெளிவிட்டத்திலிருந்து பிட்ச்சைக் கழியுங்கள். எம்10 × 1.5 என்றால் 8.5. சாதாரண பிட்ச்சுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டிய அளவுகள்:

எம்3 × 0.5 – 2.5 மி.மீ.
எம்4 × 0.7 – 3.3
எம்5 × 0.8 – 4.2
எம்6 × 1.0 – 5.0
எம்8 × 1.25 – 6.8
எம்10 × 1.5 – 8.5
எம்12 × 1.75 – 10.2
எம்16 × 2.0 – 14.0
எம்20 × 2.5 – 17.5

இப்படிப் போட்டால் முழு மரை உயரத்தில் சுமார் 77 சதவீதம் கிடைக்கும். துளையைச் சிறிதாக்கி உயரத்தைக் கூட்டினால் மரை பலமாகிவிடும் என்று தோன்றும். உண்மையில் பலம் சொற்பமே கூடும், டேப்பைத் திருப்பத் தேவையான விசையோ எக்கச்சக்கமாக ஏறும். எம்10 6ஹெச் மரையின் உள்விட்டம் 8.376 முதல் 8.676 வரை இருக்கலாம். ஆகவே ஸ்டெயின்லெஸ்ஸில் தாராளமாக 8.6 டிரில் போடுங்கள். மரை அளவுக்குள்தான் இருக்கும், டேப்புக்கும் உயிர் மிஞ்சும்.

டிரில்லில் எழுதியிருக்கிற அளவும் துளையின் அளவும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்ப வேண்டாம். இரண்டு உதடுகளும் (வெட்டும் விளிம்புகள்) சமமில்லாமல் சாணை பிடித்த 8.5 டிரில் 8.8 துளை போடும், மரை மெலிந்துபோகும். கழிவுத் துண்டு ஒன்றில் ஒரு துளை போட்டு வெர்னியரில் அளந்துவிட்டு வேலைக்குப் போவது நல்லது.

ஆழத்தையும் முன்பே கணக்குப் போட வேண்டும். எஃகில் போல்ட்டின் விட்டம் அளவுக்கு மரை பிடித்தால் போதும். எம்10-க்கு 10 மி.மீ. வார்ப்பிரும்பில் ஒன்றரை மடங்கு, அலுமினியத்தில் இரண்டு மடங்கு வைப்பது வழக்கம். இதற்கு மேல் ஆழமாக வெட்டுவது நேரத்துக்கும் டேப்புக்கும்தான் கேடு. மறுபக்கம் திறக்காத பிளைண்ட் ஹோல் என்றால் துளை மரையைவிட ஆழமாக இருக்க வேண்டும். 20 மி.மீ. முழு மரை வேண்டுமானால், கடைசி டேப்பின் சேம்பருக்கு 3 மி.மீ., சிப்ஸ் தங்க இன்னொரு 3 மி.மீ., ஆக 26 மி.மீ. இது டிரில்லின் முழு விட்டம் போகும் ஆழம். கூம்பு முனைக்கு மேலும் 2.5 மி.மீ. சேரும். அந்த அளவுக்குக் கனம் இருக்கிறதா என்று வேலையைத் தொடங்கும் முன் பாருங்கள்.

எந்த டேப்: சிப்ஸ் எங்கே போகும் என்று கேளுங்கள்

ஹேண்ட் டேப் மூன்று கொண்ட செட்டாக வரும். முதல் டேப்பில் சேம்பர் நீளம், ஆறு முதல் எட்டுப் பல் வரை; இரண்டாவதில் நான்கைந்து; மூன்றாவதில் ஒன்றரை, இரண்டு. முதலாவது துளைக்குள் எளிதாக நேராக நிற்கும், மூன்றாவது துளையின் அடிவரை மரை கொண்டுபோகும். இந்த மூன்றாவதைத்தான் நம் பக்கம் பிளக் அல்லது பாட்டமிங் என்கிறார்கள். அமெரிக்க அட்டவணைகளில் பிளக் என்றால் நடு டேப், எனவே வெளிநாட்டு வீடியோ பார்த்து ஆர்டர் போடும்போது சேம்பர் எத்தனை பல் என்று பார்த்து வாங்குங்கள்.

செட்டுகளில் இரண்டு ரகம் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு ரகத்தில் மூன்று டேப்பும் ஒரே விட்டம், சேம்பர் மட்டும் வேறு. த்ரூ ஹோலில் (மறுபக்கம் திறந்த துளையில்) முதல் டேப் முழுதாகக் கீழே இறங்கிவிட்டால் வேலை முடிந்தது. இன்னொரு ரகத்தில் முதல் இரண்டும் வேண்டுமென்றே சிறிதாகச் செய்யப்பட்டவை. ஷேங்கில் முதலாவதுக்கு ஒரு வளையக் கோடு, இரண்டாவதுக்கு இரண்டு கோடு, மூன்றாவதுக்குக் கோடு இருக்காது. இந்த செட்டில் முதலாவதோடு நிறுத்தினால் போல்ட் ஏறாது, மூன்றையும் போட்டே ஆக வேண்டும். கோடு அழிந்திருந்தால் நான்கு புளூட் டேப்பை எதிரெதிர்ப் பல்லில் வெர்னியர் வைத்து அளந்து பார்க்கலாம். மூன்று புளூட்டில் எதிரெதிரே பல் இல்லாததால் வெர்னியர் தப்பான அளவைக் காட்டும்.

இயந்திர டேப்புகளில் தேர்வு முழுக்க சிப்ஸை வைத்துத்தான். நேரான புளூட்டுடன் நுனியில் மட்டும் சாய்வாக வெட்டுக் கொடுத்திருந்தால் அது ஸ்பைரல் பாயின்ட், கன் டேப் என்றும் சொல்வார்கள். சிப்ஸை முன்னால் தள்ளிக்கொண்டே போகும்; த்ரூ ஹோலுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. புளூட்டே டிரில் போலச் சுற்றி ஏறினால் அது ஸ்பைரல் புளூட். சிப்ஸைச் சுருளாக மேலே இழுத்து வெளியே கொண்டுவரும். பிளைண்ட் ஹோலுக்கு இதுதான். இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? கன் டேப்பைப் பிளைண்ட் ஹோலில் விட்டால் தள்ளிய சிப்ஸ் எல்லாம் அடியில் குவிந்து இறுகும், டேப் அதன்மேல் மோதி உடையும். வார்ப்பிரும்பு, பித்தளை போலப் பொடியாக உதிரும் உலோகத்தில் நேர் புளூட் டேப்பே போதும்.

ஃபார்மிங் டேப் என்று ஒன்று உண்டு. அது வெட்டுவதில்லை, உலோகத்தை அழுத்தி மரையாக உருவாக்குகிறது. சிப்ஸே வராது, மரையும் உறுதியாக இருக்கும். அலுமினியம், மென் எஃகு போல வளைந்து கொடுக்கும் உலோகத்துக்கு மட்டும் பொருந்தும். வார்ப்பிரும்பில் போட்டால் நொறுங்கும். இதற்கு டிரில் கணக்கே வேறு: விட்டத்திலிருந்து பாதி பிட்ச்சைக் கழித்தால் ஏறக்குறைய வரும். எம்10-க்கு 9.3. பழக்க தோஷத்தில் 8.5 போட்டு ஃபார்மிங் டேப்பை விட்டால் அது திரும்பி வராது.

கையால் டேப் அடிக்கும் முறை

எடுத்துக்காட்டாக மைல்டு ஸ்டீல் கட்டை, எம்10 × 1.5, பிளைண்ட் ஹோல், 20 மி.மீ. மரை.

1. சென்டர் பஞ்ச் அடித்து, வேலையை வைஸில் இறுக்கி, 8.5 டிரில்லால் 26 மி.மீ. ஆழம் துளையிடுங்கள். கையில் பிடிக்கும் டிரில்லைவிட டிரில்லிங் மெஷின் நல்லது. துளை சாய்ந்தால் மரையும் சாயும்.

2. துளையின் வாயில் கவுன்டர்சிங்க் போட்டு, விளிம்பு 10.5 மி.மீ. அளவுக்கு விரியும்வரை சரிவு எடுங்கள். டேப் நேராக உட்கார இது உதவும், முதல் மரை மேலே பிசிறாகப் பிதுங்குவதும் நிற்கும்.

3. துளைக்குள் இருக்கும் சிப்ஸை வெளியே எடுங்கள். ஏர் அடித்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு, துளைக்கு நேரே முகத்தை வைக்காமல் அடியுங்கள்.

4. முதல் டேப்பை, அதன் அளவுக்கேற்ற ஹேண்டிலில் மாட்டுங்கள். எம்4-க்கு எம்12 ஹேண்டில் போட்டால் கைக்கு எதிர்ப்பே தெரியாமல் டேப் முறிந்துவிடும்.

5. எண்ணெய் விட்டு, நடுவில் லேசாக அழுத்தியபடி இரண்டு சுற்றுத் திருப்புங்கள். இப்போது ஹேண்டிலைக் கழற்றிவிட்டு டிரை ஸ்கொயரை (மூலைமட்டத்தை) டேப்பின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். பிறகு 90 டிகிரி தள்ளி இன்னொரு முறை. சாய்ந்திருந்தால் டேப்பை வெளியே எடுத்து, நேராக வைத்து மறுபடி தொடங்குங்கள். நான்கு சுற்று உள்ளே போன பிறகு பக்கவாட்டில் தள்ளி நிமிர்த்தப் பார்க்காதீர்கள், டேப் உடையும்.

6. பிடித்துக்கொண்ட பிறகு அழுத்தத் தேவையில்லை, டேப் தன்னையே இழுத்துக்கொண்டு போகும். இரண்டு கையாலும் சமமாகத் திருப்புங்கள். அரைச் சுற்று முன்னால், கால் சுற்றுப் பின்னால். பின்னால் திருப்பும்போது ‘டக்’கென்று ஒரு விடுபடல் கையில் தெரியும், சிப் அறுபட்டது என்று அர்த்தம்.

7. மூன்று, நான்கு சுற்றுக்கு ஒருமுறை டேப்பை முழுதாக வெளியே எடுத்து, புளூட்டைப் பிரஷ்ஷால் துடைத்து, துளையைச் சுத்தம் செய்து, புது எண்ணெய் விடுங்கள்.

8. முதல் டேப் நின்ற இடத்திலிருந்து இரண்டாவது, பிறகு மூன்றாவது. ஒவ்வொன்றையும் முதலில் ஹேண்டில் இல்லாமல் விரலால் திருகி, ஏற்கெனவே வெட்டிய மரையில் உட்கார வையுங்கள். விரலுக்கு வராமல் முரண்டு பிடித்தால் மரை மாறி ஏறுகிறது. எடுத்து மறுபடி வையுங்கள். மூன்றாவது டேப்பின் நுனி 23 மி.மீ. வரை போக வேண்டும், அதாவது மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 15 சுற்று. டேப்பில் அந்த உயரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் அடியில் போய் இடிக்காது.

கையில் வரும் உணர்வைக் கவனிக்கப் பழகுங்கள். ஹேண்டில் நகர்ந்தும் டேப்பின் நுனி நகராமல், கையை விட்டதும் ஹேண்டில் தானே பின்னால் துள்ளினால் டேப் முறுக்கேறி நிற்கிறது. அதற்குமேல் ஒரு மில்லி மீட்டர்கூட முன்னே தள்ளக் கூடாது. முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டி வெளியே எடுங்கள். கீச்சென்று சத்தம் வந்தால் எண்ணெய் போதவில்லை, அல்லது டேப் மழுங்கிவிட்டது.

எஃகுக்குக் கந்தகம் கலந்த கட்டிங் ஆயில் நல்லது. இன்ஜின் ஆயில் ஒன்றும் இல்லாததற்குப் பரவாயில்லை, அவ்வளவே. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், இல்லாவிட்டால் உலோகம் பல்லில் அப்பிக்கொண்டு மரையைக் கிழிக்கும். வார்ப்பிரும்பையும் பித்தளையையும் எண்ணெய் இல்லாமலே அடிக்கலாம். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு அடர்த்தியான டேப்பிங் ஆயில் கட்டாயம். அதில் இடையில் நின்று நின்று உரசினால் மேற்பரப்பு இறுகிப்போய் அடுத்த வெட்டு ஏறாது, எனவே கூர்மையான டேப்பும் தயங்காத கையும் வேண்டும்.

இயந்திரத்தில் டேப் போடும்போது

ஹெச்.எஸ்.எஸ். டேப்புக்கு மைல்டு ஸ்டீலில் நிமிடத்துக்கு 8–12 மீட்டர், ஸ்டெயின்லெஸ்ஸில் 4–6, அலுமினியத்தில் 15–20 மீட்டர் என்று தொடங்கலாம். சுற்று வேகம் காண, அந்த வேகத்தை 1000-ஆல் பெருக்கி, 3.14-ஆலும் விட்டத்தாலும் வகுங்கள். எம்10-க்கு 10 மீட்டர் என்றால் சுமார் 320 ஆர்.பி.எம்.

சி.என்.சி.யில் (கணினி இயக்கும் இயந்திரத்தில்) ஜி84 என்கிற டேப்பிங் சைக்கிள் போடும்போது ஃபீட், அதாவது டேப் நிமிடத்துக்கு எத்தனை மி.மீ. நகர்கிறது என்பது, உங்கள் விருப்பம் அல்ல: ஆர்.பி.எம். பெருக்கல் பிட்ச். 320 × 1.5 = 480. ஸ்பிண்டில் வேகத்தை மாற்றிவிட்டு ஃபீடை மாற்ற மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. 320 வேகத்துக்கு 450 என்று விட்டுவிட்டால், சுற்றுக்கு 1.5-க்குப் பதில் 1.406 மி.மீ. மட்டுமே நகரும், 20 மி.மீ. ஆழத்துக்குள் ஒன்றேகால் மில்லி மீட்டர் வித்தியாசம். டேப்பை ஆட்டமில்லாமல் பிடித்து ஓட்டும் ரிஜிட் டேப்பிங்கில் அதைத் தாங்க எதுவும் இல்லை, மரை சீவப்படும் அல்லது டேப் போகும். ஃப்ளோட்டிங் ஹோல்டர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், அதை நம்பித் தப்பான ஃபீட் போடுவதற்கில்லை. இன்னொன்று: கன் டேப், ஸ்பைரல் புளூட் இரண்டையும் இடையில் பின்னால் திருப்பத் தேவையில்லை, ஒரே ஓட்டமாக உள்ளே போய்த் திரும்பட்டும்.

மரை சரியா என்று பார்ப்பது

போல்ட் ஏறியது என்பதை வைத்து மரை சரி என்று சொல்ல முடியாது. மரையைச் சோதிக்கும் த்ரெட் பிளக் கேஜில் ‘கோ’ பக்கம் கையால் கடைசிவரை இறங்க வேண்டும். ‘நோ கோ’ பக்கம் இரண்டு சுற்றுக்கு மேல் போகக் கூடாது. ‘நோ கோ’ தாராளமாக இறங்கினால் டேப் ஹோல்டரில் ஆட்டம், பல்லில் உலோகம் அப்பியிருத்தல், ஃபீட் பிசகு ஆகிய மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். மரை கிழிந்து, சொரசொரப்பாக இருந்தால் எண்ணெயும் டேப்பின் கூர்மையும். ‘கோ’வே இறங்காவிட்டால் தேய்ந்த டேப், அல்லது வளையக்கோடு போட்ட செட்டில் மூன்றாவது போடப்படவில்லை.

டேப் உள்ளே உடைந்தால்

டிரில் போட்டு எடுக்கலாம் என்று போகாதீர்கள். டேப்பும் டிரில்லும் ஒரே கடினம். டிரில் வழுக்கிப் பக்கத்தில் இறங்கி வேலையையும் கெடுக்கும். முதலில் சிப்ஸை ஊதி எடுத்து, துளைக்குள் ஊடுருவும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். துண்டு மேலே தெரிந்தால் வைஸ் பிளையரால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். உள்ளே புதைந்திருந்தால் புளூட்டுக்குள் கம்பிபோல் இறங்கும் டேப் எக்ஸ்ட்ராக்டர் கிடைக்கிறது. அதிலும் ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டும், ஒரேயடியாகத் திருப்பினால் கம்பி வளையும்.

பித்தளை அல்லது அலுமினிய வேலை என்றால் படிகாரம் கைகொடுக்கும். படிகாரத்தை வெந்நீரில் கரையும் மட்டும் கரைத்து, பாகத்தை அதில் மூழ்கவைத்துச் சூடாகவே வைத்திருந்தால், எஃகு டேப் மணிக்கணக்கில் மெல்லக் கரைந்து உதிரும். பாகத்தில் வேறு எஃகுத் துண்டு எதுவும் பொருத்தப்பட்டிருக்கக் கூடாது, அதுவும் சேர்ந்து கரையும். எஃகு, வார்ப்பிரும்பு வேலையில் டேப் அசையவே இல்லை என்றால் ஸ்பார்க் இரோஷன் (மின்பொறியால் உலோகத்தை அரிப்பது) செய்யும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். எலெக்ட்ரோடு டேப்பின் நடுத்தண்டை மட்டும் அரித்துவிடும், மிச்சமிருக்கும் பல் துண்டுகள் தனித்தனியாக வெளியே வரும், பெரும்பாலும் மரைக்கும் சேதம் இருக்காது.

மரை போய்விட்டிருந்தால் ஹெலிகாயில், அதாவது புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள், போடலாம். எம்10 × 1.5-க்கு சுமார் 10.4 மி.மீ. டிரில், அதற்கென்றே உள்ள ஹெலிகாயில் டேப், பிறகு கம்பிச் சுருள். சுருளை மேற்பரப்புக்கு அரை அல்லது ஒரு சுற்றுக் கீழே நிறுத்தி, அடியில் குறுக்கே இருக்கும் நாக்கை பஞ்ச்சால் தட்டி உடைத்து வெளியே எடுத்துவிடுங்கள்.